காயாத தட்டுகள்

செங்கமலவல்லி மாமி வீட்டில் நான் பதினோரு வருஷம் பாத்திரம் தேய்த்தேன். அதில் பத்து வருஷம், நான் தேய்த்த ஒரு கரண்டிகூட நேராக அவர்கள் சமையல்கட்டுக்குள் போனதில்லை. புறவாசல் குழாயடியில் தேய்த்துக் கல்லின்மேல் கவிழ்த்து வைப்பேன். நான் விலகி நின்றதும், மாமி ஒரு சொம்புத் தண்ணீரை அவற்றின்மேல் ஊற்றிவிட்டு உள்ளே எடுத்துப் போவார்கள். அது அவர்கள் வீட்டு மடி. எனக்கு அதில் வருத்தமில்லை என்று மற்றவர்களிடம் சொல்லிக்கொள்வேன்.

மாமி பிறந்தது தென்திருப்பேரையில். பத்தொன்பது வயதில் கல்யாணமாகித் தூத்துக்குடிக்கு வந்தார்கள். அவர்கள் வீட்டு ஐயா ரங்கநாதன் கப்பல் ஏஜென்சி ஒன்றில் வேலை பார்த்தார். துறைமுகத்துக்குக் கப்பல் வந்தால், அதில் மரக்கறி சாப்பிடுகிற வடநாட்டு ஆபீசர்கள் இருப்பார்கள். பல நாள் தண்ணீரில் கிடந்து வந்த அவர்களை ஐயா முன்னறிவிப்பில்லாமல் சாப்பாட்டுக்கு அழைத்து வந்துவிடுவார். ஒன்பது பேர் வந்தாலும் மாமி முணுமுணுத்துக்கொண்டே சாதம் வடித்துவிடுவார்கள். அவர்களுக்கென்றே பத்து எவர்சில்வர் தட்டு பரண்மேல் டிரங்குப் பெட்டியில் தனியாக இருந்தது. ஐயா வீட்டுக்கு வர முடியாத நாளில், நாலடுக்குக் கேரியரில் சாப்பாடு கட்டிக்கொண்டு மாமியே துறைமுகச் சாலை வழியாக நடந்து போய்க் கொடுத்துவிட்டு வந்ததும் உண்டு. வீடு அந்தச் சாலைக்கு இரண்டு தெரு தள்ளித்தான்.

ஐயா காலமாகி ஒன்பது வருஷம். அவரை எடுத்துப் போன பிறகு வாசலைக் கழுவிவிட்டவள் நான். ஒரே மகன் கோவிந்த் புனேயில் இருக்கிறார். மாமி தனியாகத்தான் இருந்தார்கள்.

போன வருஷம் வைகாசியில் மருமகள் மாலினி வந்து சமையல்கட்டை மாற்றிக் கட்டினார்கள். மேடையில் சிங்க் வைத்தார்கள். அதன் பக்கத்தில் வைக்க ஒரு பாத்திர ஸ்டாண்டும் வாங்கி வந்தார்கள். எவர்சில்வர் கம்பியில் செய்தது. இரண்டு பக்கமும் இழுத்தால் நீளும், தள்ளினால் சுருங்கும். சுருக்கி வைத்தால் மூன்று தட்டுக்கும் நாலு டம்ளருக்கும் இடம் இருக்கும். முழுக்க இழுத்தால் சிங்க்கின்மேல் பாலம் போல நின்று பத்துத் தட்டைத் தாங்கும். வடிகிற தண்ணீர் கீழே ஒரு தட்டத்தில் விழுந்து, சிறிய மூக்கு வழியாகச் சிங்க்குக்குள் ஓடிவிடும்.

"இனிமே இன்பமணிக்கா உள்ளேயே கழுவி இதுல வெச்சுடட்டும்மா. நீங்க குனிஞ்சு நிமிர வேண்டாம்" என்றார்கள் மாலினி.

மாமி ஸ்டாண்டை ஒரு தடவை இழுத்துப் பார்த்தார்கள், ஒரு தடவை தள்ளிப் பார்த்தார்கள்.

"அறுபத்தாறு வயசுக்கு மேலே எனக்கும் குனிய முடியலை. உள்ளே வாடி இன்பம். பெருமாள் மன்னிச்சுப்பார்."

"எங்க ஆண்டவரும் உங்கள மன்னிச்சிட்டாரு மாமி, பத்து வருசம் என்னை வெளியவே நிறுத்தி வச்சதுக்கு."

"வாயைப் பாரு இவளுக்கு!" என்று மாமி சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளே கால் வைத்தபோது எனக்குக் கண் கலங்கியது உண்மை.

ஆடி பிறந்தது. எங்கள் ஊர் ஆடிக் காற்று துவைத்த போர்வையை அரைமணியில் மொடமொடவென்று காய வைத்துவிடும். பதினோரு மணிக்கு நான் கழுவி வைத்துவிட்டுப் போகிற பாத்திரம் பன்னிரண்டுக்கெல்லாம் காய்ந்துவிட வேண்டும். ஆனால் ஒரு நாள் காலை ஏழு மணிக்கு வந்து பார்த்தபோது எல்லாப் பாத்திரமும் ஈரமாக இருந்தது. தட்டத்தின் மூக்கில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும்.

எனக்குப் புரிந்துபோயிற்று, அல்லது புரிந்துபோனதாக நினைத்தேன். வாய் 'உள்ளே வா' என்று சொல்லியிருக்கிறது, மனசு விடவில்லை. என் கை பட்டதையெல்லாம் நான் போன பிறகு திரும்பக் கழுவுகிறார்கள். வெளியே நின்றபோது வலிக்காதது, உள்ளே அழைத்துவிட்டுச் செய்யும்போது வலித்தது. வீட்டுக்குப் போய் முழங்காலில் நின்று, மன்னிக்கிற மனசு தாரும் ஆண்டவரே என்று ஜெபம் பண்ணினேன். ஆனாலும் மாமியிடம் பேச்சைக் குறைத்துவிட்டேன். அவர்களும் ஏன் என்று கேட்கவில்லை. அதனால் என் சந்தேகம் உறுதியாயிற்று.

மாலினி போனில் பேசும்போது ஒரு தரம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். அவர்கள் சிரித்தார்கள். "மடிதான்க்கா. எங்க கையால கழுவினாலும் அம்மா திரும்ப அலம்புவா. மனசுல வெச்சுக்காதேங்கோ."

பிறகுதான் இன்னொன்றைக் கவனித்தேன். போகும்போது ஸ்டாண்டைச் சுருக்கி வைத்துவிட்டுப் போவேன். காலையில் அது நீண்டிருக்கும். முதலில் ஒரு சாண். அப்புறம் ஒரு முழம். அதில் நான் கழுவாத தட்டுகள் நின்றன. நாலு, ஆறு, எட்டு. ஒரு வெள்ளிக்கிழமை பார்த்தால், இரண்டு பக்கமும் முழுக்க இழுத்துக் கிடக்கிறது. பரண்மேல் டிரங்குப் பெட்டியில் இருந்த பத்துத் தட்டும் அதில் வரிசையாக நிற்கின்றன. பத்திலும் ஈரம். ஓரத்தில் ஐயாவின் கேரியர் அடுக்குகளும் கவிழ்ந்திருந்தன.

குக்கரைத் திறந்து பார்த்தேன். பருக்கை இல்லை. அரிசி டிரம்மில் நேற்றிருந்த அளவே இருந்தது. யாரும் சாப்பிடவில்லை. சாப்பிடாத தட்டுகள் கழுவப்பட்டிருந்தன.

"மாமி, யாரு வந்தாவ? பத்துத் தட்டு கெடக்கு?"

மாமி திரும்பாமலே சொன்னார்கள். "கப்பல் உள்ளே வந்தாச்சாம். இவர் ஒம்பது பேரை அழைச்சுண்டு வரார். சாத்தமுதுக்குப் புளி கரைக்கணும், நகருடி."

நான் நகரவில்லை. சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. மாமி திரும்பி என் முகத்தைப் பார்த்தார்கள். அவர்கள் முகம் மெல்ல மாறிற்று.

"இப்போ நான் என்ன சொன்னேன்?"

"ஒண்ணும் சொல்லல மாமி."

"பொய் சொல்லாதே. உங்க சர்ச்சுல சேர்த்துக்க மாட்டா." சிரிக்கப் பார்த்தார்கள், வரவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். "எனக்கே தெரியறதுடி இன்பம். காலம்பர வந்து அந்த ஈரத்தைப் பார்த்தா பயமா இருக்கு. யார் கழுவினான்னு ஞாபகமே இல்லை. நீதான் சாயங்காலம் திரும்பி வந்து கழுவிட்டுப் போறியோன்னு நினைச்சேன். நீ மூஞ்சியைத் தூக்கிண்டு இருந்தியா, கேக்கவும் பயம்."

நாற்பது நாள் நான் கோபத்தை மன்னித்துக்கொண்டிருந்தேன். நாற்பது நாளும் அவர்கள் தனியாகப் பயந்துகொண்டிருந்திருக்கிறார்கள்.

"கோவிந்த் தம்பிகிட்ட ஒரு வார்த்தை சொல்லுவோம் மாமி. டாக்டர்ட்ட காட்டுவாவ."

"சொன்னா அன்னிக்கே வந்து கூட்டிண்டு போயிடுவான். பதினோராவது மாடி. ஒரு மாசம் இருந்து பார்த்தாச்சு, கூண்டுக்குள்ளே இருக்கறாப்பல. என் உயிர் இந்த ஆத்துலதான் போகணும். சொல்ல மாட்டேன்னு உன் பைபிள் மேலே சத்தியம் பண்ணு."

"நாங்க சத்தியம் பண்ணப்பிடாது மாமி. ஆம்னா ஆம், இல்லன்னா இல்ல. அதுக்கு மேல கெடையாது."

"அப்போ ஆம்னு சொல்லு."

"ஆம்" என்றேன்.

அதன்பின் சாயங்காலமும் போக ஆரம்பித்தேன். கிளம்பும்போது சிலிண்டரை மூடி, தீப்பெட்டியை என் முந்தியில் முடிந்துகொள்வேன். காலையில் கதவைத் திறந்ததும் முதலில் ஸ்டாண்டைத்தான் பார்ப்பேன். சுருங்கியிருந்தால் மாமி அன்று தெளிவாக இருப்பார்கள், என்னைக் கேலி பண்ணுவார்கள். நீண்டிருந்தால் அன்று முழுக்கக் கப்பல் வந்துகொண்டே இருக்கும். 'அந்தக் கம்பி நீளாதிருக்கட்டும் ஆண்டவரே' என்றுகூட ஜெபம் பண்ணியிருக்கிறேன். ஆனால் நாள் போகப் போக அது சுருங்கியிருந்த காலைகள் குறைந்தன. சொல்லிவிடலாமா என்று போனை எடுப்பேன். கொடுத்த வார்த்தை நினைவு வரும். வைத்துவிடுவேன்.

புரட்டாசியில் ஒரு திங்கட்கிழமை. ஏழு மணிக்குப் போனேன். ஸ்டாண்டு முழுக்க நீண்டிருந்தது. பத்துத் தட்டும் நின்றன. ஆனால் தட்டத்தில் சொட்டுச் சத்தம் இல்லை. ஒரு தட்டைத் தொட்டுப் பார்த்தேன், காய்ந்திருந்தது. எங்கள் ஊர் உப்புத் தண்ணீர் காய்ந்தால் விடுகிற வெள்ளைப் புள்ளி எல்லாத் தட்டிலும் இருந்தது.

இத்தனை நாள் ஈரத்தைப் பார்த்துப் பயந்தவள், அன்று காய்ந்து கிடந்ததைப் பார்த்துப் பயந்தேன். கழுவி நேரமாகிவிட்டது. பிறகு எதையும் தொடவில்லை. அப்படியானால் மாமி எங்கே?

"மாமி!"

உள்ளறையிலும் இல்லை. ஸ்டாண்டின் ஓரம் காலியாக இருந்தது. கேரியர் இல்லை. கொடியில் காய்ந்த மடிப்புடவை இல்லை. புறவாசல் கதவு காற்றில் அடித்துக்கொண்டிருந்தது.

தெருமுனையில் சங்கரபாண்டியன் ஆட்டோ நின்றது. ஏறி உட்கார்ந்தேன். "ஹார்பர் ரோட்டுக்கு விடுங்க. மாமியக் காணும்."

"இந்நேரம் கரி லாரி வரிசையா வரும்லாக்கா. மாமி அதுக்குள்ள எங்கன போயிருப்பாவ?" என்றவர், என் முகத்தைப் பார்த்ததும் வேறு பேசாமல் வண்டியை முறுக்கினார்.

ரவுண்டானா தாண்டியதும் கூட்டம். ஒரு கண்டெய்னர் லாரி குறுக்கே நின்றது. எட்டுப் பத்துப் பேர் குனிந்து சக்கரத்தின் கீழே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சங்கரபாண்டியன் இறங்கிப் போனார். நான் இறங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன். சங்கீதத்தில் ஒரு வசனம்கூட வாய்க்கு வரவில்லை.

"டயரு வெடிச்சிருக்குக்கா. வேற ஒண்ணுமில்ல."

உப்பளம் தொடங்குகிற இடத்தில்தான் கண்டோம். மாமி சாலையின் ஓரத்தில் அல்ல, நடுவில் நடந்துபோய்க்கொண்டிருந்தார்கள். இரண்டு பக்கமும் லாரிகள் ஒலி எழுப்பிக்கொண்டே ஒதுங்கிப் போயின. மடிப்புடவை கரித்தூளில் கறுத்திருந்தது. காலில் செருப்பில்லை. குதிகாலில் ரத்தம். கையில் கேரியர்.

"மாமி! நில்லுங்க!"

"தொடாதே, தொடாதே. மடியா வந்துண்டிருக்கேன்."

தொட்டேன். மணிக்கட்டைப் பிடித்து ஓரத்துக்கு இழுத்தேன். பதினோரு வருஷத்தில் அன்றுதான் நான் அவர்களைத் தொட்டது. நாங்கள் நின்றிருந்த இடத்தில் ஒரு லாரி காற்றை வாரிக்கொண்டு போயிற்று.

"இவருக்குப் பசிக்கும்டி" என்றார்கள். கேரியரை வாங்கித் திறந்து பார்த்தேன். நாலு அடுக்கும் காலி. கண்ணாடியாகக் கழுவியிருந்தது. மூடியிருந்ததால் உள்ளே மட்டும் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் ஒட்டியிருந்தது.

"இன்னும் காயலை பாரு. ஈரத்துல எப்படிச் சாதம் போடறது?"

ஆட்டோவில் உட்கார வைத்துவிட்டுப் போனை எடுத்தேன். மாமி என்னையே பார்த்தார்கள்.

"யாருக்கு?"

"கோவிந்த் தம்பிக்கு."

"ஆம்னு சொன்னியே" என்றார்கள்.

ஐயா இறந்தது மறந்துபோயிருந்தது. காலில் ரத்தம் வருவது தெரியவில்லை. என் வார்த்தை மட்டும் நினைவில் இருந்தது. சங்கரபாண்டியன் வேறு பக்கம் பார்த்தார். நான் நம்பரை அழுத்தினேன். நான் சொன்ன 'ஆம்' அந்தச் சாலையில் 'இல்லை' என்று ஆனது. ஆண்டவர் அதை என் கணக்கில் எந்தப் பக்கம் வைத்திருக்கிறார் என்று எனக்குத் தெரியாது.

மறுநாளே கோவிந்த் வந்து அழைத்துப் போனார். காரில் மாமி கேரியரை மட்டும் விடாமல் வைத்திருந்தார்கள். என்னோடு பேசவில்லை. நான் பிடித்த மணிக்கட்டை ஈரத்துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தார்கள். அது மடியா, கோபமா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

கார்த்திகையில் மாலினி வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார்கள். 'அம்மா நன்னா இருக்கா. மாத்திரை கேக்கறது.' மாமி மயில்கழுத்து நிறப் புடவையில் சிரித்துக்கொண்டிருந்தார்கள். உடம்பு கொஞ்சம் தேறியிருந்தது. ஸ்தோத்திரம் சொல்லிவிட்டுப் படத்தை விரலால் பெரிதாக்கினேன். பின்னால் சமையல் மேடை. அங்கேயும் அதே மாதிரி ஒரு ஸ்டாண்டு, இரண்டு பக்கமும் முழுக்க இழுத்துக் கிடந்தது. தட்டுகளை எண்ணினேன். எவர்சில்வரும் பீங்கானும் பிளாஸ்டிக்குமாகப் பத்து.

உடனே போன் போட்டேன். "மாலினிம்மா, வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்காவளா?"

"இல்லையே. நாங்க மூணு பேர்தான். ஏன்க்கா?"

"ஸ்டாண்டு பூராவும் இழுத்துக் கெடக்கே."

"அதுவா? மருந்து சாப்பிட்டாலும் மடி போகுமா? அலம்பின தட்டையே அலம்பிண்டிருக்கா."

"அது மடி இல்லம்மா. நானும் அப்படித்தான் நெனச்சேன். அதுல கேரியர் இருக்கான்னு ஒரு தடவ பாருங்க."

நடக்கிற சத்தம் கேட்டது. "இருக்கு. ஈரமா இருக்கு."

"அப்பம் சரி. ஈரமா இருக்கிற வரைக்கும் வீட்டுக்குள்ளதான் இருக்காவ. காஞ்சு கெடந்தா வேற எதையும் பாக்காதிய, மொதல்ல வாசக் கதவப் பாருங்க. பூட்டுப் போட்டு சாவிய இடுப்புல வச்சிக்கிடுங்க."

அந்தப் பக்கம் மாலினி வாசல் கதவைத் தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்டது.

அன்றிலிருந்து தினமும் காலை ஏழு மணிக்கு அவர்களிடமிருந்து எனக்கு ஒரே ஒரு வார்த்தை வரும். 'ஈரம்.' அதை வாசித்துவிட்டு, ஜெபம் பண்ணிவிட்டு, வேலைக்குக் கிளம்புவேன்.

இன்று ஞாயிறு. எங்கள் சபைக் கோவிலில் இரண்டாம் மணியும் அடித்துவிட்டார்கள். வேதப்புத்தகத்தோடு வாசலில் நிற்கிறேன். போனைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். இன்னும் வரவில்லை.