ஜீவன் காருக்கான பிளக்

கிள்ளான் லிட்டில் இந்தியாவுக்குப் பின்தெருவில் கிளாரன்ஸ் என்று என் பெயரிலேயே ஒரு கார் உதிரிப்பாகக் கடை வைத்திருக்கிறேன். ஸ்பார்க் பிளக் வாங்க வருகிறவர்களில் பாதிப் பேருக்கு என்ன வேண்டும் என்றே தெரியாது. மீதிப் பேர் யூடியூப் பார்த்துவிட்டு எல்லாம் தெரிந்தவர்களாக வருவார்கள். முதல் கூட்டத்தைச் சமாளித்துவிடலாம். இரண்டாவது கூட்டத்திடம் வாயைக் கொடுத்து நான் நிறைய வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். லோகன் இந்த இரண்டிலும் சேராதவர். கழற்றிய பிளக்கைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து மேசையில் வைத்து, இதே மாதிரி வேண்டும், ஆனால் இதுவே சரியான பிளக்தானா என்றும் பார்த்துச் சொல்லுங்கள் என்பார். வாங்குகிற பொருளைச் சந்தேகப்படத் தெரிந்த ஆளை எனக்குப் பிடிக்கும்.

ஜெஞ்சாரோம் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவர். அப்பா இறந்ததும் குடும்பம் கிள்ளானுக்கு வந்துவிட்டது. மீசை முளைத்த நாளிலிருந்து போர்ட் கிள்ளானில் ஒரு கிடங்கில் சரக்குத் தூக்கும் போர்க்லிப்ட் ஓட்டுகிறார். இரவு ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் என் கடையில் நின்று ஒரு கோப்பி குடிப்பார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அவருக்குப் பொய் சொல்ல வராது. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. ஒரு குடும்பத் தலைவனுக்கு அது எத்தனை பெரிய இடைஞ்சல் என்று கல்யாணமான எல்லோருக்கும் தெரியும்.

அவருக்கும் குமுதாவுக்கும் ஒரே பிள்ளை, ஜீவன். பிரிக்பீல்ட்ஸில் ஓர் அலுவலகத்தில் வேலை. தன்னைவிட வயதில் மூத்த ஒரு பழைய சாகா காரை யாரோ ஓர் ஓய்வுபெற்றவரிடமிருந்து வாங்கிவந்து, வீட்டு முன்பக்கத்தில் நிறுத்தி, ஞாயிற்றுக்கிழமைகளில் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்துகொண்டிருந்தான். அது ஓடத் தயாராகும்வரை வேலைக்கு மோட்டார் சைக்கிளில்தான் போனான். போன வருடம், மழைக்காலத்து ஒரு காலையில், பெடரல் ஹைவேயில் ஒரு லோரி அவனை இடித்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

தினமும் அவன் கிளம்பும்போது குமுதா நெற்றியில் திருநீறும் சந்தனமும் வைத்து அனுப்புவாள். அன்றைக்கு அவன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு நின்றான். நேரமாகிவிட்டது, வந்து வைத்துக்கொள்கிறேன் அம்மா என்று சொல்லிவிட்டுப் போனான். துக்கத்துக்கு வந்த எல்லோரிடமும் குமுதா இதை ஒரே மாதிரி, வார்த்தை மாறாமல் சொன்னாள். எனக்கும் என் மனைவி பெர்னடெட்டுக்கும் சொன்னாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு அவள் எந்த வண்டியிலும் ஏறவில்லை. பஸ், டாக்சி, ரயில் எதுவும் கிடையாது. தெருமுனைக் கடைவரை நடப்பாள், திரும்புவாள். கோயில் தூரம் என்று கோயிலுக்கும் போவதை விட்டாள். பல் வலியில் முகம் வீங்கிக் கிடந்தபோது நான் என் காரைக் கொண்டுபோய் வாசலில் நிறுத்தினேன். கையெடுத்துக் கும்பிட்டு உள்ளே போய்விட்டாள். ஏறினால் ஜீவன் காரில்தான் ஏறுவேன் என்று லோகனிடம் சொல்லியிருந்தாள். அந்தக் கார் துணி போர்த்திக்கொண்டு சும்மா நின்றது.

முதல் வருடத் திதி நெருங்கியது. ஜீவனின் அஸ்தியை அப்போதே மோரிப் கடலில் கரைத்திருந்தோம். ஆண்கள் மட்டும்தான் போயிருந்தோம். பிள்ளையைக் கரைத்த இடத்தை நான் பார்க்க வேண்டும் என்று குமுதா ஒருநாள் தானாகவே சொன்னாளாம். லோகன் அன்றைக்கே காரின் மேலிருந்த துணியை எடுத்துவிட்டார். அதை ஓட வைத்தால் அவள் வெளியே வருவாள். ஓடாவிட்டால் அந்த வீட்டுக்குள்ளேயே கிடப்பாள். அவருக்கு இதில் சந்தேகமே இல்லை, எனக்கும்தான்.

பழைய எஞ்சினுக்குப் பிளக் பார்ப்பதில் மந்திரம் ஒன்றும் இல்லை. மரையின் நீளம் சரியாக இருக்க வேண்டும். முனையில் இருக்கும் இடைவெளி அந்த எஞ்சினுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். மூன்றாவது விஷயம் சூடு. சில பிளக்குகள் சூட்டைச் சீக்கிரம் தள்ளிவிடும், சில பிடித்துவைக்கும். ஊருக்குள் மெதுவாக ஓடும் காரில் சீக்கிரம் ஆறிப்போகிற பிளக்கைப் போட்டால் முனை கரிபிடித்துப் பொறி செத்துவிடும். ரொம்பச் சூடாகிற பிளக்கைப் போட்டால் எஞ்சினே தட்ட ஆரம்பிக்கும். நான் அந்தக் காருக்கென்று உள்ள சாதாரண பிளக்கைத்தான் முதலில் கொடுத்தேன். வெயிலில் நன்றாக ஓடியது. மழை வந்த அன்றைக்கு இருமியது. கழற்றிப் பார்த்தால் முனை கறுப்பு.

பழைய எஞ்சின், எண்ணெய் குடிக்கிறது போல என்று நினைத்து ஒரு படி கூடுதலாகச் சூடாகும் பிளக்கைக் கொடுத்தேன். அதுவும் வெயிலில் ஓடியது, மழையில் இருமியது. பிளக் ஒயரை மாற்றினோம், டிஸ்ட்ரிபியூட்டர் மூடியை மாற்றினோம். ஒன்றும் நடக்கவில்லை. துறைமுகத்தில் கூட்டாளிகள் சொன்னார்கள் என்று லோகன் இரிடியம் பிளக் கேட்டு வந்தார். எனக்கு எரிச்சல் வந்தது. புது எஞ்சினுக்கென்று அகல இடைவெளியோடு வருகிற பிளக் அது. பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கிற இந்தக் கிழட்டுக் காயிலுக்கு அவ்வளவு தூரம் பொறியைத் தாண்ட வைக்கத் தெம்பு கிடையாது என்று கத்தினேன். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். முகத்தைப் பார்த்துவிட்டு எடுத்துக் கொடுத்துவிட்டேன். கொடுக்காமல் என்ன செய்வது?

அந்தப் பிளக்கைப் போட்டபின் இரண்டு மூன்று நாள் வெயில். கார் ஜோராக ஓடியது. நம்பிக்கை வந்து, குமுதாவை ஒரு சின்னச் சுற்றுக்குக் கூப்பிட்டார். அவள் ஏறினாள். பந்திங் சாலையில், ஜெஞ்சாரோம் போய்ச் சேர்வதற்குள் வானம் பிளந்தது. கார் இருமி, குலுங்கி, சமிக்ஞை விளக்கில் நின்றேவிட்டது. பின்னால் லோரிகள் வரிசையாக ஹார்ன் அடித்தன. குமுதா கண்ணை மூடிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாளாம். இழுவை வண்டி வந்து வீட்டில் கொண்டுவந்து விட்டபிறகுதான் வாயைத் திறந்தாளாம்.

மறுநாள் லோகன் என் கடையில் நின்று அதைச் சொன்னார்.

"ஜீவனுக்கு நான் வர்றது புடிக்கலன்னு குமுதா சொல்றாண்ணே. பொட்டு வைக்காம அனுப்பிட்டேன்ல, அந்தக் கோபம்தான்னு சொல்றா. திதிக்கும் வரமாட்டாளாம்."

ஒரு தாய் இப்படி நினைத்துக்கொண்டு மிச்ச ஆயுளை ஓட்டுவதா? கையில் இருந்ததை எல்லாம் போட்டுவிட்டு, இதுவரை கழற்றிய பிளக் அத்தனையையும் கொண்டுவரச் சொன்னேன். அவர் வீட்டுக்குப் போய் எடுத்துவந்து மேசையில் பரப்பினார். கண்ணாடியை மாட்டிக்கொண்டேன். அதுவரை நான் பார்த்ததெல்லாம் பிளக்கின் கீழ் முனையைத்தான். பிளக் விற்கிற எவனும் அங்கேதான் பார்ப்பான். அன்றைக்குத்தான் மேல்பக்கத்து வெள்ளைப் பீங்கானைப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் மஞ்சளாக ஒரு கறை, அதன் நடுவில் சிவப்பு. கறையிலிருந்து கீழே இரும்புவரைக்கும் பென்சிலால் கிழித்தது போலப் பழுப்பாக ஒரு மெல்லிய கோடு இறங்கியிருந்தது.

இது என்ன என்று கேட்டேன். அவர் சாதாரணமாகப் பதில் சொன்னார்.

"சந்தனம்ண்ணே. புதுசா எது வாங்கினாலும் சாமி மேடையில வச்சு, பொட்டு வச்சுத்தான மாட்டுவோம்."

குமுதாதான் வைத்திருக்கிறாள். ஒவ்வொரு தடவையும், ஒவ்வொரு பிளக்குக்கும். வெள்ளையாக இருந்த இடத்தில்தான் பொட்டு எடுப்பாகத் தெரிந்திருக்கிறது. புதுக் காரின் டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்பார்கள், ஸ்டியரிங்கில் சந்தனம் பூசுவார்கள், எத்தனையோ பார்த்திருக்கிறேன். என் காரின் கண்ணாடியிலும் பாதிரியார் மந்திரித்துக் கொடுத்த ஜெபமாலை தொங்குகிறது. எதுவும் யாரையும் கெடுத்ததில்லை. ஆனால் முழுக் காரிலும் சுத்தமாக இருந்தே தீர வேண்டிய ஓர் இடம் அந்தப் பீங்கான். மின்சாரம் அதன் உள்ளே இறங்கி முனையில் பொறியாக வேண்டும். வெளியே சந்தனமும் அதில் மழை ஈரமும் இருந்தால், மின்சாரம் பீங்கானின் மேலாகவே வழிந்து இரும்புக்குப் போய்விடும். முனையில் பொறி இருக்காது. எரியாத பெட்ரோல் அங்கே கரியாகப் படியும். நாங்கள் அந்தக் கரியைப் பார்த்துவிட்டு பிளக்கை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தோம்.

துடைத்துவிட்டு மாட்டியிருக்கக்கூடாதா என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. மனைவி வைத்த பொட்டை எந்தப் புருஷன் கையால் அழிப்பான்?

லோகன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கோப்பி ஆறிப்போனது.

"வைக்காம விட்டதால புள்ள போயிட்டான்னு இருக்கா. இப்ப வச்சதாலதான் காடி நின்னுச்சுன்னு நான் எப்படிண்ணே சொல்வேன்?"

சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்தோம். பழியை நான் எடுத்துக்கொண்டேன். கிளாரன்ஸ் கடையில் தப்பான பிளக் கொடுத்துவிட்டார்கள், இப்போதுதான் சரியானது கிடைத்தது என்று சொல்லிவிட வேண்டியது. என் கடையின் பெயர் கெட்டால் கெட்டுவிட்டுப் போகட்டும். முதலில் கொடுத்த அதே சாதாரண ரகத்தில் புதிதாக எடுத்து, இடைவெளியை நானே அளந்து சரிசெய்து, அவள் கண்ணில் காட்டாமல் மாட்டிவிடுங்கள் என்று கொடுத்து அனுப்பினேன். ஷிப்டுக்கு மேல் ஷிப்ட் வந்ததில் அவருக்கு அதை மாட்ட நேரமே வாய்க்கவில்லை.

திதியன்று காலையில் தூறல். மோரிப் போகிற வழியில் அவர்கள் கார் நின்றுவிட்டால் உதவியாக இருக்கட்டும் என்று நானும் என் காரில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். லோகன் முன்மூடியைத் திறந்து அவசர அவசரமாகப் பிளக்கை முடுக்கிக்கொண்டிருந்தார். கடைசி ஒன்று கையில் இருந்தது. அப்போது குமுதா சந்தனக் கிண்ணத்தோடு வெளியே வந்தாள். புதுப் புடவை கட்டியிருந்தாள். முகம் மட்டும் வீட்டுக்குள்ளேயே இருந்து வெளுத்துப்போயிருந்தது. கடைசியாக ஒருதடவை முயற்சி செய்யலாம் என்று லோகன் கெஞ்சியிருப்பார் போல.

லோகன் நாங்கள் பேசிவைத்ததை ஒப்பித்தார். தப்பான பிளக், கிளாரன்ஸ் அண்ணன் கடை, இப்போது சரியானது. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். நானும் அசட்டுச் சிரிப்போடு தலையாட்டினேன். குமுதா கேட்டுக்கொண்டாள். பிறகு கையை நீட்டினாள்.

"குடுங்க, வச்சுத் தரேன். அவனுக்கு இஷ்டம் இருந்தா ஓடட்டும். நின்னா, இனிமே என்னைக் கூப்புடாதீங்க."

லோகன் பிளக்கைக் கொடுக்கவில்லை. விரல்களை இறுக்கி மூடிக்கொண்டார். விஷயம் தெரிந்துவிடப்போகிறதே என்று பயந்தேன். சும்மா இருங்கள் என்று கண்ணைக் காட்டினேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

"குமுதா, தப்பு பிளக்குல இல்ல. அண்ணன் மேலயும் இல்ல. நீ வைக்கிற சந்தனத்துல ஈரம் ஏறி கரண்ட் வெளிய ஓடிடுது. அதான் மழைன்னா காடி நிக்குது."

அவள் கிண்ணத்தைப் பார்த்தபடி நின்றாள். தூறல் அதில் விழுந்தது. உள்ளே ஓடிவிடுவாள், கதவைச் சாத்திக்கொள்வாள், நாங்கள் இரண்டு பேரும் அவளைக் கொன்றுவிட்டோம் என்றுதான் நான் நினைத்தேன்.

"வெயில்ல ஓடுச்சே?"

"அப்ப காஞ்சிருந்துச்சு."

பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அப்ப அவன் என்னை வராதன்னு சொல்லல?"

"இல்ல. அவன் ஒண்ணுமே சொல்லல."

கிண்ணத்தை மதில்மேல் வைத்தாள். லோகன் கடைசிப் பிளக்கை வெள்ளையாகவே மாட்டி, மூடியைச் சாத்தினார். அவளே கதவைத் திறந்து முன்னிருக்கையில் உட்கார்ந்தாள். சாவியைத் திருப்பியதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. கிளம்பட்டும் என்று என் காருக்குத் திரும்பினேன். ஆனால் அவர்கள் கிளம்பவில்லை. ஏதோ கோளாறு என்று ஜன்னல் பக்கம் போனேன். குமுதா லோகனின் சட்டைக் கையைப் பிடித்திருந்தாள்.

"அன்னைக்கு நான் வச்சு அனுப்பியிருந்தாலும் அந்த லோரி வந்திருக்கும், இல்லீங்க?"

நல்ல வார்த்தையாக எதையாவது சொல்லிவிடலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

"ஆமா குமுதா. வந்திருக்கும்."

அவள் வாய்விட்டு அழ ஆரம்பித்தாள். பிள்ளை செத்த வீட்டிலும் அவள் இப்படி அழுது நான் பார்க்கவில்லை. அக்கம்பக்கத்தில் ஜன்னல்கள் திறந்தன. நான் நனைந்துகொண்டு நின்றேன், எனக்கும் கண்ணீர் வந்தது. அவள் அழுது முடிக்கும்வரை லோகன் கியர் போடவில்லை. மழையில் எஞ்சின் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.