என் தோளுக்கு வெட்டிய கட்டை

மாமனார் போன பிறகு, வெடிமருந்து இடித்துச் சுடுகிற அவருடைய நாட்டுத் துப்பாக்கி எங்கள் வீட்டுக்காரர் பேருக்கு வந்தது. காவலூரில் நட்சத்திரம் பார்க்கிற பெரிய கட்டடம் எழும்பிக்கொண்டிருந்த காலம். ஆபீஸ் ஆபீசாக அலைந்து லைசென்சை மாற்றிக்கொண்டு வந்தார். அவரைத்தான் மாற்ற முடியவில்லை. அவருக்கு வெடிச் சத்தம் ஆகாது. தீபாவளிக்கு யாராவது ஓலைவெடி கொளுத்தினாலே, மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போகிறேன் என்று ஓடைப் பக்கம் போய்விடுவார். அந்த ஒரு நாள் மட்டும் மாட்டுக்கு ஏன் அத்தனை தாகம் என்று நான் கேட்டதில்லை.

ஊருக்கு இது தெரியாது. மாமனார் இருந்தவரை சாமைக் கொல்லைக்குக் காவல் இருந்ததும் அவர்தான், சுட்டதும் அவர்தான்.

அந்த வருஷம் சாமை கதிர் வைத்ததும் காட்டுப்பன்றி இறங்கியது. இவர் பரண்மேல் துப்பாக்கியை மடியில் போட்டுக்கொண்டு தகர டின்னைத் தட்டினார். பன்றிகள் சும்மா நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி மேய்ந்தன. எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். "இன்னாங்க, அதக் குடுங்க இப்டி" என்று பிடுங்கி வானத்தைப் பார்த்துச் சுட்டேன். பன்றிகள் ஓடிவிட்டன. ஆனால் மாமனார் நெட்டை ஆள், தோளில் அண்டக் கொடுக்கிற துப்பாக்கிக் கட்டை அவர் அளவு. என் தோள்குழியில் நிற்காமல் வழுக்கி, மேல்கையில் உதைத்தது. கை கருநீலமாகக் கன்றிப்போய், அடுப்பிலிருந்து களிச் சட்டியை இறக்கக்கூட முடியவில்லை. அதற்கப்புறமும் காவலுக்கு நான்தான் போனேன். அவர் துணைக்கு வந்து, நான் சுடும்போதெல்லாம் காதைப் பொத்திக்கொள்வார்.

கன்றிப்போன கையைப் பார்த்தவர், மறுநாள் காலையில் என் கையை மடக்கச் சொல்லி, முழங்கை மடிப்பிலிருந்து ஆள்காட்டி விரல்வரை நூல் பிடித்து அளந்தார். ஏர், கட்டில் எல்லாம் சொந்தக் கையால் செய்கிற மனுஷர். கட்டையின் அடியில் இருந்த இரும்புத் தகட்டைக் கழற்றிவிட்டு, நாலு விரல் அகலத்துக்கு ரம்பம் போட உட்கார்ந்தார்.

"ஐயையோ, மாமா புடிச்ச கட்டைங்க அது!"

"அவரு போயிட்டாரு. இப்ப ஒத வாங்கறது உன் தோளுதானே" என்றார்.

அறுத்தபின் உடைந்த பாட்டில் சில்லால் கட்டை முழுக்கச் சுரண்டினார். வருஷக்கணக்கான எண்ணெய்ப் பிசுக்கும் கைக்கறையும் சுருள் சுருளாக வந்தன. உள்ளே வேங்கை மரம் செக்கச்செவேலென்று இருந்தது. என் கன்னம் படிகிற இடத்தை மட்டும் அரத்தால் கொஞ்சம் பள்ளமாக்கினார். ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டால் மரத்தில் மயிர்போல் சிலும்பு எழும்பும். அதை உப்புத்தாளால் தேய்ப்பார். மறுபடி ஈரத்துணி, மறுபடி உப்புத்தாள். ஒடுகத்தூர் கடையில் அரக்கும் ஸ்பிரிட்டும் வாங்கி வந்து, ஊறவைத்து, துணிப் பொட்டலத்தால் தொட்டுத் தொட்டுப் பூசினார். எனக்கு ஒரு புடவை எடுக்க அத்தனை நேரம் அவர் கடையில் நின்றதில்லை.

எனக்கோ வேறு பயம். எங்கள் ஊரில் தை மாசம் எல்லாத் துப்பாக்கியையும் அம்மன் முன்னால் வரிசையாக வைத்து மஞ்சள் குங்குமம் இடுவார்கள். பிறகு அவரவர் துப்பாக்கியை அவரவர் எடுத்து, பாறைமேல் வைத்த பூசணிக்காயை ஒருமுறை சுட்டுவிட்டுத்தான் வீட்டுக்குக் கொண்டுபோகலாம். அங்கே இந்தக் குட்டைக் கட்டையை யாராவது தோளில் வைத்துப் பார்த்தால் போதும். பெண்டாட்டியைக் காவலுக்கு அனுப்புகிறவன் என்று இவரைக் காறித் துப்புவார்கள். நான் ஊரில் தலைகாட்ட முடியாது. மூன்று நாள் நச்சரித்தேன். கடைசியில், அறுத்த துண்டையே இரண்டு மூங்கில் முளை வைத்து, வேண்டும்போது மாட்டிக் கழற்றுகிற மாதிரி செய்துகொடுத்தார். இணைப்பு தெரியாமலிருக்க உடைந்த பித்தளைச் செம்பிலிருந்து பட்டை வெட்டிச் சுற்றினார். பார்க்க நகை போட்ட மாதிரி இருந்தது.

அறுவடைக்கு முன்னால் என் குண்டு ஒரு பன்றிமேல் பட்டு, அது ஓடையில் போய் விழுந்தது. ஊரே வந்து இவர் முதுகில் தட்டியது. "அப்பன் பேரக் காப்பாத்திட்டபா!" இவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அன்று அவருக்குச் சோறு போடும்போது நானும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவருக்குக் கிடைத்த பேருக்காக நான் வெட்கப்பட்டேனா, என் கைக்காக வெட்கப்பட்டேனா, இன்றைக்கும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

தை மாசம் வந்தது. "ஒரு சத்தம்தானே, கண்ண மூடிக்கினு சுட்டுர்றேன்" என்றார். பாதி மருந்து போடுவது, குறி தவறினால் தவறட்டும் என்று விடுவது, இதுதான் எங்கள் ஏற்பாடு.

ஆனால் அவர் அரக்கு பூசிய அழகே வினையாகிவிட்டது. வரிசையில் இருந்த துப்பாக்கிகளில் எங்களுடையதுதான் மினுமினுத்தது. ஆளாளுக்கு எடுத்துத் தடவினார்கள். பங்காளி முறையில் தம்பி ஒருவன் பித்தளைப் பட்டையைப் பிடித்துத் திருக, துண்டு கழன்று அவன் கையோடு வந்துவிட்டது.

"இன்னாண்ணே இது, துப்பாக்கிக்குப் பொய்க்காலா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஒருவர் மீதிக் கட்டையைத் தோளில் வைத்துப் பார்த்தார். "இது ஆம்பள அளவே இல்லியே" என்றார்.

நான் பெண்கள் கூட்டத்தில் நின்றிருந்தேன். கரையான் அரித்தது, ஒட்டுப் போட்டேன் என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? எங்கள் வீட்டுக்காரர் நிதானமாகச் சொன்னார்: "அது என் சம்சாரத்து அளவு. கொல்லையில சுடறது அவதான். அந்தப் பன்னியச் சுட்டதும் அவதான்."

பொய் சொல்லத் தெரியாத மனுஷனுக்கு வாழ்க்கைப்பட்டேனே என்று பல்லைக் கடித்தேன்.

"லைசென்சு உன் பேர்ல, சுடறது பொண்டாட்டியா?" என்று ஒருவன் கேட்டான். "சும்மா புளுகறான்" என்றான் இன்னொருவன். தீர்ப்புச் சொல்கிற ஊர்க் கவுண்டர் கையைத் தூக்கி அடக்கினார்.

"சாமி துப்பாக்கியத்தான் பாக்கும், ஆளப் பாக்காது. நெசமா இருந்தா அந்தப் பொண்ணு வந்து சுடட்டும். பொய்யா இருந்தா இவன் அபராதம் கட்டட்டும்."

பக்கத்தில் நின்றவள் என்னை முன்னால் தள்ளிவிட்டாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கூனிக் குறுகி நடந்தேன். ஊர் ஆண்கள் அத்தனை பேர் கண்ணும் என்மேல் இருந்தது. அவர்களில் பாதிப் பேர் முன்னால் நான் நிமிர்ந்து பேசியதுகூட இல்லை. மண்ணுக்குள் போய்விடலாம்போல இருந்தது. ஆனால் நான் சுடாவிட்டால் இவர் பொய்யர் ஆகிவிடுவார். பயந்தவர், பெண்டாட்டி தோளில் குளிர் காய்ந்தவர், இதெல்லாம் சரி. பொய்யர் இல்லை.

துப்பாக்கியை வாங்கிக் குழலில் மருந்தைக் கொட்டினேன். வாயில் கவ்வியிருந்த தேங்காய் நாரைக் குழலில் திணித்து, ரவையைப் போட்டு, மறுபடி நார் வைத்துக் கம்பியால் இடித்தேன். பொட்டுவெடி மாதிரியான கேப் ஒன்றை வைத்து, அதை அடிக்கிற குதிரையைப் பின்னால் இழுத்தபோதே சிரிப்பு அடங்கிவிட்டது. கை பழகிய கை என்று அவர்களுக்கும் தெரியாதா என்ன. கட்டை தோளில் வந்து கச்சிதமாக உட்கார்ந்தது, கன்னம் அதன் பள்ளத்தில் படிந்தது. விசையை அமுக்கினேன்.

பூசணிக்காய் சிதறியது. புகை விலகட்டும் என்று நின்றேன். யாரும் ஏசவுமில்லை, சபாஷ் போடவுமில்லை. எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள் என்று கூசிக்கொண்டு திரும்பினேன்.

ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. துப்பாக்கி பிடித்து நின்ற ஆண்களுக்கு நடுவில் எங்கள் வீட்டுக்காரர் இரண்டு கையாலும் காதைப் பொத்தி, கண்ணை இறுக மூடி, கழுத்தைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு நின்றார். கொல்லையில் எனக்குப் பழகிப்போன காட்சிதான். ஊர் அதை அன்றைக்குத்தான் பார்த்தது. அப்போது எனக்கு வந்த வெட்கத்துக்கு முன்னால், அதுவரை இருந்ததெல்லாம் ஒரு வெட்கமே இல்லை.

மெதுவாக ஒரு கண்ணைத் திறந்தார்.

"பட்டுச்சா?" என்று கேட்டார்.

"பட்டுதுங்க" என்று முணுமுணுத்தேன். அவருக்குக் கேட்கவில்லை. காதிலிருந்து கையை இன்னும் எடுக்கவில்லை. அதனால் ஊர் முழுக்கக் கேட்கும்படி கத்திச் சொன்னேன்.

"பட்டுதுங்க!"