மே மாத வெயிலில் காலுறை

இரண்டு வருடத்துக்கு முன்னால், ரேணிகுண்டா ஸ்டேஷனுக்குப் பின்னால் இருக்கும் எங்கள் சின்ன சபையில் நடந்தது இது. ஷீட் கூரை போட்ட ஹால். பாதிப் பேர் தெலுங்கு, பாதிப் பேர் தமிழ். பாட்டும் ஜெபமும் இரண்டிலும் ஓடும்.

அந்தக் கோடையில், ஐயகாரு என்று நாங்கள் கூப்பிடும் எங்கள் போதகர் ஆவியின் வரங்களைப் பற்றியே பிரசங்கம் செய்துகொண்டிருந்தார். விசுவாசிகள் ஒவ்வொருவருக்கும் ஒரு வரம் உண்டு, அதைக் கண்டுபிடித்துச் சபைக்குப் பயன்படுத்துங்கள் என்றார். ஒருத்திக்குப் பாட்டு, ஒருவருக்கு ஜெபம், இன்னொருவருக்கு உபசரிப்பு என்று முடிவாகிக்கொண்டே வந்தது. எனக்கு என்ன என்று கேட்டேன்.

"உனுக்குதான் ஏற்கெனவே கீதேக்கா, சண்டை வரம்" என்றாள் பின்னால் இருந்த ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். போதகரும் சிரித்துவிட்டு, பொறுமைக்காக ஜெபம் பண்ணச் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறவள். பழுதான பீஸைப் பழுது என்று சொல்லித்தான் சம்பளம் வாங்குகிறேன். சபைக்கு வந்தால் மட்டும் வாயைச் செருப்போடு வெளியே விட்டுவிட்டு வர வேண்டுமாம். இருந்தாலும், இந்த வாயை எடுத்துவிடும் ஆண்டவரே என்று நானும் பல நாள் ஜெபித்தேன். அவர் எடுக்கவில்லை.

எங்கள் தெருவில் இட்லி மாவு அரைத்து விற்கும் அக்கா ஒருவர் அதே சபைக்கு வருவார். அவருக்குப் பல வருடமாகச் சர்க்கரை வியாதி, தினமும் இன்சுலின் ஊசி. அந்தக் கோடைக்குச் சில மாதம் முன்பு போதகர் அவர் தலையில் கை வைத்து ஜெபித்திருந்தார். அடுத்த வாரமே அக்கா சாட்சி சொல்ல எழுந்தார். கர்த்தர் சுகம் கொடுத்துவிட்டார், ஊசியைத் தூக்கிப் போட்டுவிட்டேன் என்றார். ஹாலே கை தட்டியது. அவருக்கு விசுவாச வரம் என்று பேச்சாகிவிட்டது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் பெண்கள் அவரிடம் தூக்கிக்கொண்டு போய் ஜெபிக்கச் சொன்னார்கள்.

மே மாதத்தில் ஒரு ஞாயிறு, அந்த அக்கா காலுறை போட்டுக்கொண்டு பாயில் உட்கார்ந்திருந்தார். ரேணிகுண்டா வெயிலில் காலுறை எதற்கு? பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பவுடர் வாசனை அடித்தது. அதற்கு அடியில் வேறொரு வாடையும் இருந்தது.

ஆராதனை முடிந்ததும் குழாயடியில் அவரை நிறுத்தினேன்.

"சாக்ஸைக் கழட்டுக்கா."

"வுடும்மா, சின்னப் புண்ணு."

"நீ கழட்டறியா, நான் கழட்டட்டா?"

கழற்றினார். பெருவிரல் கறுத்து, ஓரத்தில் சீழ் கட்டியிருந்தது. அக்காவுக்கு எல்லாம் தெரிந்தே இருந்தது. "இப்ப போயி ஊசி போட்டுக்கினா என் சாட்சி பொய்யாப் பூடும். ஜனங்க முன்னாடி எப்பிடி நிப்பேன்?" என்றார்.

"கால் இருந்தாதான் நிக்க முடியும்" என்றேன்.

எனக்குக் கோபம் அக்காவின் மேல் இல்லை. நாங்கள்தான் கை தட்டித் தட்டியே அந்த மனுஷியைப் பூட்டி வைத்திருந்தோம். போதகரைக் குழாயடிக்குக் கூப்பிட்டேன். காலைப் பார்த்ததும் அவர் முகம் செத்துப்போனது.

"ஊசிய நிறுத்துன்னு நான் சொல்லவே இல்லியேம்மா" என்றார்.

"சொல்லல ஐயகாரு. நிறுத்திட்டேன்னு இவங்க சொன்னப்ப கை தட்டினீங்க. நானும்தான் தட்டினேன்."

அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. ஒருத்தி என் முந்தானையை இழுத்து, "ஐயகாருகிட்ட இன்னா பேச்சுக்கா இது" என்றாள். உள்ளே கூட்டிப்போய் இன்னொரு முறை ஜெபிக்கலாம் என்றார் ஒரு பெரியவர். "வண்டியில ஜெபம் பண்ணலாம், ஏறுங்க" என்றேன். போதகர் போய்க் கார் சாவியை எடுத்துவந்தார்.

திருப்பதி ஆஸ்பத்திரியில் டாக்டர் எங்களை நன்றாகத் திட்டினார். நானும் வாங்கிக்கொண்டேன். விரலை எடுத்தார்கள். கால் தப்பியது. தாமதித்திருந்தால் முழங்கால் வரை போயிருக்கும் என்றார்கள்.

வீடு திரும்பிய அக்கா சபைப் பக்கமே வரவில்லை. வெட்கம். நான் விடவில்லை. "நீயா வரியா, இல்ல கிரைண்டரோட தூக்கிக்கினு போவட்டா?" என்றேன். சிரித்துவிட்டார். அடுத்த ஞாயிறு நொண்டிக்கொண்டே வந்து சாட்சி சொல்ல எழுந்தார். "கர்த்தர் என் கால காப்பாத்தினாரு. காலையில ஊசி போட்டுக்கினுதான் வந்தேன்" என்றார்.

கை தட்டுவதா வேண்டாமா என்று யாருக்கும் தெரியவில்லை. போதகர் எழுந்து, போன முறை தான் விசாரிக்காமல் கை தட்டியது தப்பு என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். பிறகு அவர்தான் முதலில் தட்டினார்.

அன்றைக்கு வெளியே வந்ததும் எங்கள் டோலக் வாசிக்கிறவர் மெதுவாக என்னிடம் வந்தார். தானும் பிபி மாத்திரையை நிறுத்தி வைத்திருப்பதாகவும், யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னார். "நாளைக்கே டாக்டர பாக்கற. இல்லன்னா அடுத்த வாரம் மைக்குல சொல்லிடுவேன்" என்றேன். போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

எனக்கு இருப்பது புத்திசொல்லும் வரம் என்கிறார் போதகர் இப்போது. பேர் எதுவானால் என்ன. ஜெபத்தை நான் நம்புகிறேன், சுகத்தையும் நம்புகிறேன். ஆனால் எங்கள் சபையில் யார் சுகம் என்று எழுந்தாலும், டாக்டரைக் கேட்டாயா என்று முதலில் கேட்கிறவள் நான்தான். சிலருக்கு அது பிடிப்பதில்லை. அந்தக் கறுத்த விரலைப் பார்த்த நாளிலிருந்து, இந்த வாயை எடுத்துவிடும் என்று நான் ஆண்டவரிடம் கேட்பதே இல்லை.