செயலாளர் முதல் வகுப்பில் சேர்ந்தது

சுந்தரம்மாளைப் பள்ளிக்கூடத்துச் செயலாளராகத் தேர்ந்தெடுத்தபோது அவள் அந்தக் கூட்டத்திலேயே இல்லை. ஓடைக்கு அந்தப் பக்கம் புளி பொறுக்கிக்கொண்டிருந்தாள். 1975ஆம் வருடம், மாசி மாதம். ஜவ்வாது மலையில் புளியம்பழம் உதிர்கிற நாளில் யாரும் கூட்டம் போட மாட்டார்கள். ஆனால் கீழேயிருந்து சுற்றறிக்கை வந்துவிட்டது; போட்டே ஆக வேண்டியிருந்தது.

தனியார் பள்ளிக்கூடங்களை ஒழுங்குபடுத்த மாநில அரசு புதிதாக ஒரு சட்டம் கொண்டுவந்திருந்தது. ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு குழு இருக்க வேண்டும். குழுவுக்கு ஒரு தலைவர், ஒரு செயலாளர். குழு இல்லாவிட்டால் அங்கீகாரம் இல்லை, அங்கீகாரம் இல்லாவிட்டால் மானியம் இல்லை. மானியம் நின்றால் வாத்தியாரும் நின்றுவிடுவார்.

மொட்டைப்பாறை என்ற அந்த ஊரில் நாற்பது வீடுகள். சாமையும் கேழ்வரகும் விளையும். பள்ளிக்கூடம் இருந்தது சுந்தரம்மாளின் கணவன் தாண்டவராயன் கொடுத்த மாட்டுக்கொட்டகையில். அதில் கட்டிய எருதுகள் இரண்டு அடுத்தடுத்துச் செத்துப்போயின. மூன்றாவது எருது உள்ளே நுழையவே மறுத்துவிட்டது. மாட்டுக்கு ஆகாத இடம் பிள்ளைகளுக்கு ஆனாலும் ஆகலாம் என்று நினைத்து, கொட்டகையைப் பள்ளிக்கூடத்துக்கு விட்டுக்கொடுத்தான். அவன் போய்ச் சேர்ந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. பள்ளிக்கூடம் மட்டும் எப்படியோ ஓடிக்கொண்டிருந்தது.

கூட்டத்தில் தலைவர் பதவிக்குச் சண்டையே வரவில்லை. பள்ளியில் இருந்தது ஒரே நாற்காலி. தாண்டவராயனின் தம்பி மாதையன் அதில் முதலிலேயே உட்கார்ந்துவிட்டான். செயலாளர் பதவிக்குத்தான் ஆள் கிடைக்கவில்லை. கூரை விழுந்தால் சர்க்கார் செயலாளரைத்தான் பிடிக்கும் என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். இடம் அண்ணியுடையது, அதனால் பதவியும் அண்ணிக்கே என்று மாதையன் சொன்னான். மறுத்துப் பேச அண்ணி அங்கே இல்லை.

சாயங்காலம் புளிக்கூடையோடு திரும்பியவளிடம் விஷயத்தைச் சொன்னார்கள். செயலாளர் என்றால் என்ன வேலை என்று கேட்டாள். வாத்தியாருக்கு மேலே இருக்கிற ஆள் என்றார்கள். அந்தப் பதில் அவளுக்குப் பிடித்துப்போயிற்று. ஏனென்றால் வாத்தியாரிடம் அவளுக்கு ஒரு குறை இருந்தது.

வாத்தியார் பஞ்சாட்சரம் ஒடுகத்தூர்க்காரர். செவ்வாய்க்கிழமை மத்தியானம் மலையேறி வருவார். வியாழக்கிழமை மத்தியானம் இறங்கிவிடுவார். இடைப்பட்ட நேரத்தில் நன்றாகவே பாடம் நடத்துவார். மீதி நாட்களில் பிள்ளைகள் ஆடு மேய்த்தார்கள். சட்டம் வந்தபோது அதை ஊராருக்குப் படித்துக் காட்டியவரும் அவர்தான். ஆசிரியரைக் காரணம் கேட்காமல் வேலையை விட்டு நீக்க முடியாது என்ற இடத்தை நிறுத்தி நிதானமாக இரண்டு தடவை படித்தார். ஆசிரியர் ஒழுங்காக வராவிட்டால் செயலாளர் விளக்கம் கேட்கலாம் என்ற இடத்தில் அவருக்கு இருமல் வந்துவிட்டது. ஆனால் சுந்தரம்மாளுக்குக் காது கூர்மை.

அடுத்த செவ்வாய்க்கிழமை வாத்தியார் மேலேறி வந்து வியர்வையைத் துடைப்பதற்குள் அவள் போய் நின்றாள். நேற்று ஏன் வரவில்லை என்று கேட்டாள். சட்டப்படி எழுத்து மூலமாகத்தான் கேட்க வேண்டும், வாயால் கேட்டால் செல்லாது என்றார் அவர். அதோடு போய்விடுவாள் என்று நினைத்திருப்பார்.

"அப்ப எழுதுங்க வாத்தியாரே. நா சொல்றேன்" என்று அவள் எதிரே உட்கார்ந்துவிட்டாள்.

மொட்டைப்பாறையில் எழுதத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். ஆகவே பஞ்சாட்சரம் தமக்குத் தாமே மெமோ எழுத வேண்டியதாயிற்று. அவள் சொல்லச் சொல்ல எழுதினார். எழுதி முடித்ததும் உரக்கப் படித்துக் காட்டினார்: இந்தப் போக்கு நீடித்தால் கடும் நடவடிக்கை எடுக்கப்படும் என்று. தம்மையே அதட்டுகிற அந்தக் குரல் பிள்ளைகளை நடுங்க வைத்தது. சுந்தரம்மாள் திருப்தியோடு கட்டைவிரலை உருட்டிப் பதித்தாள். திருப்பத்தூரில் செய்து வாங்கிய ரப்பர் ஸ்டாம்பைப் பக்கத்தில் குத்தினாள். வாத்தியார் மெமோவைப் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துப் போட்டார். பிறகு அதே இடத்தில் உட்கார்ந்து பதிலும் எழுதினார். முழங்கால் வலி, வழியில் பாசி வழுக்குகிறது என்று. அதையும் அவரே படித்துக் காட்டினார். சுந்தரம்மாளுக்குப் பாவமாக இருந்தது. முழங்காலுக்கு நொச்சித்தழை பறித்துக் கொடுத்தனுப்பினாள்.

அந்த வருடத்தில் இப்படி நான்கு மெமோக்கள் போயின. வாத்தியார் செவ்வாய்க்கிழமையே வந்தார், வியாழக்கிழமையே போனார்.

நான்காவது மெமோவின்போதுதான் அவளுக்குச் சந்தேகம் வந்தது. அன்று அவள் ஒரு வெற்றிலை போட்டு மென்று துப்புகிற நேரம் பேசியிருந்தாள். தாளில் நாலு வரிதான் இருந்தது. கேட்டதற்கு, சர்க்கார் தமிழில் சுருக்கமாக எழுதுவதுதான் வழக்கம் என்றார். வீட்டுக்குப் போய் இரண்டு நாள் யோசித்தாள். பிறகு வந்து, எவ்வளவு நாளைக்குக் கட்டைவிரலையே வைப்பது, கையெழுத்துப் போடக் கற்றுக்கொள்கிறேன், என்னை முதல் வகுப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றாள்.

இந்த இடத்தில் பஞ்சாட்சரம் உஷாராகியிருக்க வேண்டும். ஆனால் அவருக்கு வேறொரு கவலை. அவருடைய பணியிடம் தங்க வேண்டுமானால் பதிவேட்டில் இருபது பிள்ளைகளாவது இருக்க வேண்டும் என்று பள்ளிகளின் துணை ஆய்வாளர் எச்சரித்திருந்தார். இருந்ததோ பத்தொன்பது. இருபதாவது பிள்ளை தானாக வந்து நிற்கிறது; வயது நாற்பது என்பதற்காகத் திருப்பி அனுப்ப மனம் வரவில்லை. பதிவேட்டில் 'சுந்தரம், முதல் வகுப்பு' என்று எழுதினார். வயதுக் கட்டத்தில் ஆறு என்று போட்டார்.

மறுநாளிலிருந்து சுந்தரம்மாள் சிலேட்டோடு கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். விடிந்ததும் களத்து வேலையை முடித்துவிட்டு, ஒன்பதரை மணிக்கெல்லாம் வந்துவிடுவாள். வாத்தியார் வராத நாளிலும் வந்து உட்கார்ந்து, வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள். இது தெரிந்ததும் அவருக்கு ஒடுகத்தூரில் இருப்புக் கொள்ளவில்லை. முதலாளி வந்து உட்கார்ந்திருக்கும்போது வேலைக்காரன் வீட்டில் இருக்க முடியுமா? திங்கட்கிழமையும் வர ஆரம்பித்தார். முழங்கால் வலி அவரையறியாமல் போய்விட்டது.

எழுத்து அவளுக்குச் சீக்கிரம் பிடிபட்டது. கணக்குத்தான் தகராறு. பக்கத்து இலக்கத்திடம் கடன் வாங்கிக் கழிப்பதை அவள் ஒப்புக்கொள்ளவே இல்லை. வாங்கினதை எப்போது திருப்பித் தருவது என்று கேட்டாள். தர வேண்டியதில்லை என்றார் வாத்தியார். அப்படிப்பட்ட கணக்கு தனக்கு வேண்டாம் என்று சிலேட்டைத் துடைத்துவிட்டாள்.

எட்டு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை, கொட்டகையைப் பெருக்கப் போனவள் தகரப் பெட்டியைத் திறந்தாள். செயலாளருக்கு அந்த உரிமை உண்டு. அவளுடைய கட்டைவிரல் ரேகையோடு நான்கு தாள்கள் கட்டாக இருந்தன. தரையில் உட்கார்ந்து, விரலை வைத்து, ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிப் படித்தாள். ஒரு தாளுக்கு அரை மணி நேரம் ஆயிற்று. எங்கேயும் 'கடும் நடவடிக்கை' என்று இல்லை. 'தங்கள் அயராத உழைப்பைக் குழு பெரிதும் பாராட்டுகிறது' என்று இருந்தது. நான்கிலும் அதேதான். மூன்றாவதில் 'ஊதிய உயர்வுக்குப் பரிந்துரைக்கிறது' என்பது கூடுதல்.

அவளுக்கு முதலில் வந்தது கோபமில்லை. தானே படித்துவிட்டோம் என்ற மலைப்புத்தான். கோபம் வீட்டுக்குப் போய்ச் சோறு போட்டு உட்கார்ந்த பிறகு வந்தது.

திங்கட்கிழமை காலை வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது எழுந்து நின்றாள்.

"வாத்தியாரே, பாராட்டுன்னா இன்னா?"

பஞ்சாட்சரத்தின் கையில் சுண்ணக்கட்டி இரண்டாக ஒடிந்தது. கீழே விழுந்த துண்டைக் குனிந்து எடுத்தார். பிறகு மெல்லிய குரலில், "கண்டிக்கிறதுதாம்மா. மரியாதையா கண்டிக்கிறது" என்றார்.

"அப்படிங்களா" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டாள். அன்று சாயங்காலம் சிலேட்டில் இரண்டு தடவை எழுதிப் பார்த்து, மூன்றாவது தடவை தாளில் எழுதினாள். கொம்பும் காலும் இடம் மாறியிருந்தாலும் விஷயம் தெளிவாகவே இருந்தது: 'வாத்தியார் நாலு மெமோவும் பொய் எழுதினார். வெள்ளி வரைக்கும் இருக்கணும். பதில் எழுதணும். செயலாளர் சுந்தரம்மாள்.' ஸ்டாம்பைக் குத்தி, தானே கொண்டுபோய்க் கொடுத்தாள்.

அவர் படித்தார். இந்தத் தடவை மூன்று நாளாகியும் அவரால் பதிலை எழுதி முடிக்க முடியவில்லை. அதற்குள் துணை ஆய்வாளர் வந்துவிட்டார்.

துணை ஆய்வாளர் தேவராஜ் சட்டப் புத்தகத்தைக் கைப்பையிலேயே வைத்திருக்கிற மனிதர். ஜீப்பைப் பாதி மலையில் நிறுத்திவிட்டு, மீதியை நடந்து வந்திருந்தார். தண்ணீர் குடித்துவிட்டு வருகைப் பதிவேட்டைப் படித்தார். "சுந்தரம்" என்றதும் பின்வரிசையிலிருந்து சுந்தரம்மாள் எழுந்து, "உள்ளேன் ஐயா" என்றாள். பிள்ளைக்குப் பதிலாகத் தாயார் வந்திருக்கிறாள் என்று நினைத்து அவர் மேலே படித்துக்கொண்டு போனார். முடித்துவிட்டு, செயலாளரை அழைத்து வரச் சொன்னார். அவளே மறுபடியும் எழுந்தாள்.

தேவராஜ் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். சட்டப் புத்தகத்தை எடுத்து முன்னும் பின்னும் புரட்டினார். செயலாளர் அதே பள்ளியில் மாணவராக இருக்கக் கூடாது என்று அவர் புரட்டிய பக்கங்களில் எங்கேயும் இல்லை. இப்படி ஒன்று நடக்கும் என்று சட்டம் செய்தவர்களுக்குத் தோன்றவில்லை போலிருக்கிறது. ஆனால் ஆறு வயது என்பதை அவரால் எப்படியும் விழுங்க முடியவில்லை.

கோப்பைக் கேட்டார். நான்கு பாராட்டுக் கடிதமும், கோணல் எழுத்தில் ஒரு மெமோவும் வந்தன. எல்லாவற்றையும் படித்தவர் வாத்தியாரை நிமிர்ந்து பார்த்தார். பஞ்சாட்சரம் எதையும் மறைக்கவில்லை. ஒடுகத்தூரில் வயசான தகப்பனார், கொஞ்சம் வேர்க்கடலைக் கொல்லை, பார்த்துக்கொள்ள வேறு ஆளில்லை என்று தலைகுனிந்து சொன்னார்.

நடவடிக்கை எடுக்கிற அதிகாரம் குழுவுக்கு உண்டு, குற்றச்சாட்டு எழுதி விசாரணை வைக்கலாம், நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று தேவராஜ் செயலாளரைக் கேட்டார். வகுப்பு மொத்தமும் அவளைத் திரும்பிப் பார்த்தது. தலைவர் மாதையன் நாற்காலியைத் துணை ஆய்வாளருக்கு விட்டுக்கொடுத்துவிட்டுச் சுவரோரம் நின்றிருந்தான். அனுப்பிவிடலாம் அண்ணி என்று மெதுவாகச் சொன்னான்.

"அனுப்பிட்டா யார் வருவாங்க இந்த மலைக்கு?" என்றாள் சுந்தரம்மாள். பிறகு துணை ஆய்வாளரைப் பார்த்து, "நல்லாத்தான் சொல்லித் தர்றாருங்க. வந்தா. எட்டு மாசத்துல அவரு எழுதன பொய்யையே படிக்க வெச்சிட்டாரே" என்றாள்.

தேவராஜுக்குச் சிரிப்பு வந்தது. சட்டப் புத்தகத்தை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொண்டார்.

கடைசியில் முடிவானது இது. திங்கள் முதல் வெள்ளி வரை வாத்தியார் மலையிலேயே தங்க வேண்டும். தங்குவதற்குச் சுந்தரம்மாள் தன் வீட்டுக்குப் பக்கத்தில், தானியம் வைத்திருந்த அறையைக் காலி செய்து தருவாள். தகப்பனாரையும் அழைத்து வந்து வைத்துக்கொள்ளலாம். பொய் வயதுக்காகத் துணை ஆய்வாளர் வாத்தியாருக்குத் தம் கையால் ஒரு மெமோ எழுதினார். கூடவே பதிவேட்டிலிருந்து சுந்தரத்தின் பெயரை அடித்தார். கணக்கு மறுபடியும் பத்தொன்பது. அடுத்த மாதத்துக்குள் இருபது ஆகாவிட்டால் பணியிடம் போய்விடும் என்று சொல்லிவிட்டு மலையிறங்கினார்.

சுந்தரம்மாளுக்கு ஆள் தேட வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை. மாதையனுக்கு அம்சவல்லி, குப்பம்மாள் என்று இரண்டு பெண்கள். இரண்டும் ஆட்டுக்குப் பின்னால் திரிந்தன. பள்ளிக் குழுத் தலைவரே தம் பிள்ளைகளை அனுப்பாததற்கு விளக்கம் கேட்டு அவனுக்கு ஒரு மெமோ எழுதினாள். அதைப் படிக்கத் தெரியாமல் அவன் வாத்தியாரிடம் எடுத்துக்கொண்டு போனான். பஞ்சாட்சரம் ஓர் எழுத்தையும் மாற்றாமல் உரக்கப் படித்தார்.

"இன்னா அண்ணி, வூட்டாளுக்கே மெமோவா?" என்று வந்து நின்றான் மாதையன்.

"தலைவருக்குத்தான் குடுத்தேன். வூட்டாளுன்னா வாயால கேட்டிருப்பேன்."

ஆட்டை யார் மேய்ப்பது என்று அவன் கேட்டான். தலைவருக்கு அப்படியென்ன பெரிய வேலை என்றாள் அவள். ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். எட்டாம் நாள் இரண்டு பெண்களையும் எண்ணெய் தடவி வாரிவிட்டுக் கூட்டிக்கொண்டு வந்தான். அவர்களைப் பார்த்து மற்ற வீடுகளிலிருந்தும் ஐந்தாறு பெண் பிள்ளைகள் வந்தார்கள்.

வாத்தியாரின் தகப்பனாருக்கு மலைக்காற்று ஒத்துக்கொண்டது. மகன் வேர்க்கடலைக் கொல்லையைக் குத்தகைக்கு விட்டுவிட்டார். சுந்தரம்மாளின் பெயர் பதிவேட்டில் இல்லாவிட்டாலும் கடைசி வரிசையில் அவள் இடத்தை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. வேலை இல்லாத நாட்களில் வந்து உட்கார்ந்து, மூன்றாம் வகுப்புப் புத்தகம் வரைக்கும் படித்தாள். 1983இல் பிள்ளைகள் நாற்பதைத் தாண்டியபோது இரண்டாவது ஆசிரியர் வேண்டுமென்று அவளே மனு எழுதி, அவளே ஒடுகத்தூருக்கு இறங்கி, பஸ் பிடித்துக் கல்வி அலுவலகத்துக்குப் போய்க் கொடுத்துவிட்டு வந்தாள். மூன்று தடவை போக வேண்டியிருந்தது. நாலாவது தடவை கிளம்ப இருந்தபோது ஆணை வந்தது.

புதிதாக வந்தவள் மணியம்மாள் என்ற இளம் டீச்சர். பெட்டியோடு மூச்சு வாங்க மேலேறி வந்தவளுக்குச் சுந்தரம்மாள் மோர் கொடுத்தாள். உட்காரச் சொன்னாள். உனக்கு ஒதுக்கின அறையில் கிழக்கு மூலை ஒழுகும், பாயை மேற்கே போட்டுக்கொள், ஓடைத் தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்காதே என்றெல்லாம் சொன்னாள். டீச்சர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, இங்கே செயலாளர் எப்படிப்பட்டவர், கெடுபிடியான ஆளா என்று தாழ்ந்த குரலில் கேட்டாள்.

சுந்தரம்மாள் காலிச் செம்பை வாங்கிக்கொண்டாள். அப்படி ஒன்றும் இல்லை, வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் இருந்தால் ஒரு தொந்தரவும் பண்ண மாட்டாள் என்று சொல்லிவிட்டு, மோர்ச் செம்பைக் கழுவ எழுந்தாள்.