வேண்டாமென்ற இசையை அம்மா கேட்ட பிற்பகல்

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலருக்கு, அம்மா என்ன வேலை பார்த்தார் என்பது கடைசிவரை சரியாகத் தெரியாது. திருமண வீடுகளில் அத்தைமார் அவரை விடமாட்டார்கள். “சினிமா கம்பெனில மியூசிக்ல இருக்கே, ஒரு பாட்டு பாடேன் லா!”

“நான் பாடினா பந்தி போடுறதுக்கு முன்னாடியே எல்லாரும் கிளம்பிடுவீங்க அண்ணி,” என்பார் அம்மா.

சிராங்கூன் சாலையை ஒட்டிய அடுக்குமாடி வீட்டில் பிறந்து வளர்ந்தவர் அவர். ஒரு பெரிய திரைப்பட நிறுவனத்தில் எழுத்தராகச் சேர்ந்து, அதன் இசைத் துறைக்கே தலைவரானார். படத்துக்கு இசையமைப்பாளரைத் தேர்ந்தெடுப்பது, பழைய பாடல்களுக்கு அனுமதி பெறுவது, வாத்தியக்காரர்களை ஏற்பாடு செய்வது, இயக்குநருக்கும் தயாரிப்பாளருக்கும் நடுவில் நின்று இருவரிடமும் திட்டு வாங்குவது அவர் பணி. நான் பள்ளியில் படிக்கும்போதே அப்பா காலமானார். அதன்பின் வீட்டில் நாங்கள் இருவர்தான். பெரும்பாலும் நான் தனியாகச் சாப்பிட்டேன். அவரும் அலுவலகத்தில் தனியாகத்தான் சாப்பிட்டார் என்பது, அவருடன் வேலை பார்த்தவர்கள் துக்கம் கேட்க வந்தபோது தெரிந்தது.

முடித்துக் கொடுத்த பின்னணி இசை வேண்டாமென்று மேலிடம் முடிவு செய்தால், அதை இசையமைப்பாளரிடம் சொல்வது துறைத் தலைவரின் பொறுப்பு. மற்றவர்கள் மின்னஞ்சல் அனுப்புவார்கள். அம்மா நேரில் போவார். சொல்லிவிட்டு, அந்த இசை முழுவதையும் அவருடன் உட்கார்ந்து ஒருமுறை கேட்டுவிட்டே திரும்புவார்.

அம்மாவுக்கு இனிச் சில வாரங்கள்தான் என்று மருத்துவர்கள் சொன்ன பிறகு, ஒரு நாள் விடுப்பு எடுத்தேன். அம்மாவிடம் கேட்க வேண்டியவற்றை மனத்தில் வரிசைப்படுத்தி வைத்திருந்தேன்: அப்பாவை எப்படிச் சந்தித்தார், எனக்கு இந்தப் பெயரை யார் வைத்தது, அவர் போனபின் நான் என்ன செய்வது. மதியம் சாப்பிட்டதும் அம்மா புடவை மாற்றிக்கொண்டு வந்து நின்றார்.

“கிளமெண்டி வரைக்கும் போயிட்டு வந்துடலாம்.”

“இன்னிக்கும் வேலையாம்மா? நான் லீவு போட்டதே உங்களோட இருக்கத்தான்.”

“கூட வாயேன். டாக்சில ஏற என்னால தனியா முடியாது.”

கிளமெண்டியில் இசையமைப்பாளர் கதிரவன் தம் வீட்டுப் படுக்கையறையையே ஸ்டூடியோவாக்கி வைத்திருந்தார். அம்மா சுற்றி வளைக்கவில்லை.

“தம்பி, படத்துலேருந்து உன் இசையை எடுத்துட்டாங்க. வேற ஆளைப் போடுறாங்க.”

“ஃபோன்லயே சொல்லிருக்கலாமே அக்கா. இந்த உடம்போட...” என்றார் கதிரவன்.

“போடு. முதல்லேருந்து கேக்கலாம்.”

“எதுக்கு? அதான் வேணாம்னுட்டாங்களே.”

“அவங்க முழுசா கேக்கல. நான் கேக்கணும்.”

நானும் அம்மாவும் கட்டில் ஓரத்தில் அமர்ந்தோம். இசை தொடங்கியதும் அம்மா என் தோளில் சாய்ந்தார். அவருடைய கைப்பேசி ஒலித்தது, எடுக்கவில்லை. ஓரிடத்தில் என் மணிக்கட்டை மெல்ல அழுத்தினார். முடிந்ததும், “மழை சீன்ல புல்லாங்குழலை நிறுத்தினே பாரு, அது ரொம்ப சரி,” என்றார். கதிரவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

வரும் வழியில் டாக்சியிலேயே அம்மா உறங்கிவிட்டார். அந்த வாரமே மருத்துவமனையில் சேர்த்தோம். பிறகு அவரால் அதிகம் பேச இயலவில்லை. என் கேள்விகளில் ஒன்றையும் நான் கேட்கவில்லை.

அம்மாவை முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட தாதியருக்கும், முறைவைத்துச் சாப்பாடு கொண்டுவந்த அத்தைமாருக்கும், துவாஸ் தொழிற்பேட்டையில் வேலையைப் பாதியில் விட்டு ஓடிவந்த மாமாவுக்கும் என் நன்றி.

திரு. கதிரவனுக்கும் நன்றி. அவருடைய அந்த இசை எந்தப் படத்திலும் வரவில்லை. அது ஒலித்த நேரம் முழுவதும் அம்மா என் பக்கத்தில் இருந்தார். நான் வளர்ந்த பிறகு அவ்வளவு நேரம் நாங்கள் சேர்ந்து உட்கார்ந்ததில்லை. கதிரவன் அந்த இசையை இன்னும் கொஞ்சம் நீளமாக அமைத்திருக்கலாம்.