மங்கையர்க்கரசி நிமிர்ந்தது

காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் நெல் விளைகிற சின்ன ஊர் அது. ஊராட்சித் தலைவர் பதவியைப் பெண்களுக்கு ஒதுக்கியபோது, நீண்ட நாளாக அந்த நாற்காலிமேல் கண் வைத்திருந்த மாணிக்கவேல், தான் நிற்க முடியாமல் மனைவி மங்கையர்க்கரசியை நிறுத்தினார். ஜெயித்தாள். அதன்பிறகு கூட்டங்களில் அவள் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருப்பாள். பக்கத்தில் இருந்து அவர்தான் பதில் சொல்லுவார்.

அவள் நல்ல உயரம். கணவரைவிட நாலு விரற்கடை கூடுதல். பெண் பார்க்க வந்த அன்று அவளுடைய அத்தை, "கொஞ்சம் குனிஞ்சே நில்லும்மா" என்று காதில் சொன்னாள். அன்று குனிந்தவள்தான். தோள் மடங்கி, தலை தொங்கி, அதுவே உடம்பின் வாகாகிவிட்டது. நாலு பேர் முன் பேச வாயெடுத்தால் பாதியிலேயே நிறுத்திவிடுவாள். தனக்குப் பேச வராது என்றே நம்பியிருந்தாள்.

கழுத்துவலி தாங்க முடியாமல்தான் காஞ்சிபுரத்தில் ஷாரோன் என்ற பிசியோதெரபிஸ்டிடம் போனாள். அந்தப் பெண் அவளைச் சுவரோரம் நிற்கவைத்துப் பார்த்தாள். உட்காருகிற, நிற்கிற விதத்தை மாற்றினாலே பாதி வலி போய்விடும் என்றாள். "கால் ரெண்டும் தரையில நல்லா பதியணும்மா. முதுகு நாற்காலியில ஒட்டணும். தோளை இறக்கி விட்டு மூச்சு இழுங்க."

வெங்காயம் உரிக்கும்போதும் டிவி பார்க்கும்போதும் அப்படியே உட்கார்ந்து பழகினாள். முதலில் யாரோ அதிகாரி மாதிரி வேஷம் போட்டதுபோல் கூச்சமாக இருந்தது. வலி மெல்லக் குறைந்தது. கூடவே அவள் எதிர்பார்க்காத ஒன்றும் நடந்தது. நெஞ்சு நிறைய மூச்சு போனதும் குரல் தெளிவாக வந்தது. ஒருநாள் காலையில் பால்காரரிடம், பால் ஏன் இப்படித் தண்ணியாக இருக்கிறது என்று கேட்டுவிட்டாள். கேட்ட பிறகுதான், கேட்டது தான்தானா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

இன்னொரு நாள் வாசலில் அவள் பக்கத்தில் வந்து நின்ற மாணிக்கவேல், தலையை உயர்த்தி அவளைப் பார்த்தார். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். குனிந்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. குனியவில்லை.

கோடையில் கிராம சபை கூடியது. கீழத்தெருப் பெண்கள் காலிக் குடங்களோடு வந்து, தங்கள் குழாயில் தண்ணீரே வருவதில்லை என்றார்கள். ஒன்றிய அலுவலர், தலைவர் என்ன சொல்கிறார் என்று கேட்டார். வழக்கம்போல் மாணிக்கவேல் எழுந்து, மேலிடத்தில் பேசியிருப்பதாக ஆரம்பித்தார்.

மங்கையர்க்கரசி பாதங்களைத் தரையில் ஊன்றினாள். நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, ஒரு மூச்சு இழுத்தாள்.

"நீங்க உக்காருங்க. நான் சொல்றேன்."

மாணிக்கவேல் உட்கார்ந்தார். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் குழாய் உடைந்து தண்ணீரெல்லாம் வாய்க்காலுக்குப் போகிறது, நானே போய்ப் பார்த்தேன் என்றாள். நடுவில் வார்த்தை தடுமாறியது. நிறுத்தி, தோளை இறக்கிவிட்டு, மறுபடி தொடர்ந்தாள். சரியாகும்வரை லாரியில் தண்ணீர் விடச்சொல்லி அலுவலரிடமே கேட்டாள். அவரும் சம்மதித்தார்.

கூட்டம் முடிந்து இருவரும் வண்டியில் திரும்பினார்கள். வீட்டு வாசலில் இறங்கியதும் மாணிக்கவேல், "அந்தக் குழாயை நான் போய் பாக்கவே இல்ல மங்கை. உன்ன உக்கார வச்சிட்டு நான் இன்னா பேசிக்கினு இருந்தேனோ, வெக்கமா பூட்சி" என்றார்.

குழாயைச் சரிசெய்ய அந்த வாரமே ஆள் வந்தது. அடுத்த கூட்டத்துக்கும் அவர் வந்தார். ஆனால் எதிரே, ஊர்க்காரர்களோடு உட்கார்ந்துகொண்டார். அவளுக்கு அன்றைக்கும் நடுவில் வார்த்தை தடுமாறியது. பேச்சு மட்டும் நிற்கவில்லை.