ரகசியம் காப்பதற்கு எடுத்த படம்

சட்டம் படித்துவிட்டு நீதிமன்றத்தில் வாய் திறக்கப் பயந்தவர்களுக்கென்றே ஆண்டவன் தனியார் மருத்துவமனைகளைப் படைத்திருக்கிறான். ராசிபுரம் பக்கம் அப்படி ஒன்றில் நிர்வாக அதிகாரியாக இருந்து தலை நரைத்தவன் நான்.

மாத்திரை தீரும் நாளை நோயாளிகளுக்குக் கைபேசியில் நினைவூட்ட ஒரு சென்னை நிறுவனத்தை அமர்த்தினோம். நோயாளிகளின் விவரம் வெளியே கசியாதபடி ஒப்பந்தம் எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. எழுதினேன். நிறுவனத்தின் ஆட்கள் தூக்கத்தில்கூட ஒரு நோயாளியின் பெயரை உளறிவிட முடியாதபடி எழுதினேன். மருத்துவமனைக்காரன் வாயைக் கட்டத்தான் ஒரு வரியும் எழுதவில்லை. நாங்கள் கனவான்கள் அல்லவா!

எங்கள் பக்கத்தில் சால்வை போர்த்திப் படம் எடுக்காத காரியம் நடந்ததாகவே கணக்கில்லை. புது லாரி வாங்கினாலும் படம், ஆழ்துளைக் கிணற்றில் தண்ணீர் வந்தாலும் படம். ஒப்பந்தத்துக்கும் ஏற்பாடு செய்தேன். பின்னால் பெரிய திரை. அதில் பொய்ப் பெயர்கள் கொண்ட மாதிரிப் பக்கத்தை நிறுவனத்துக்காரர் போட்டார்.

“இதென்னுங்க, கல்யாண ஊட்டுல மாப்பிள்ளைக்குப் பதிலா பொம்மைய உக்கார வெச்சாப்பல? நம்ம நோயாளிக பட்டியலத்தான் ஏத்தியாச்சே, நெசப் பக்கத்தப் போடுங்க.”

“சார், அது கூடாதுன்னு அக்ரிமென்ட்ல நீங்கதானே…”

“எழுதுனவனே சொல்றேன், போடுங்க!”

போட்டார். சால்வை, சிரிப்பு, படம். ‘நோயாளிகளின் ரகசியம் இனி பத்திரம்’ என்று எழுதி, சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் நானே ஏற்றினேன். வாழ்த்துகள் குவிந்தன.

ஒருவர் மட்டும் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேல் தெரிந்த திரையைப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறார். அவருடைய அண்ணன் மகனுக்கு நிச்சயம் செய்திருந்த பெண்ணின் பெயர், ஊர், அவள் சாப்பிடும் வலிப்பு மாத்திரை, எல்லாம் அதில் பளிச்சென்று இருந்தன. மாப்பிள்ளையிடம் அவள் முன்பே சொல்லியிருந்தாளாம், அவனுக்கும் சம்மதமாம். பெரியவர்களிடம் பக்குவமாகச் சொல்ல இருவரும் நேரம் பார்த்திருந்தார்கள். நான் அந்தச் சிரமத்தைக் குறைத்துவிட்டேன். நிச்சயம் முறிந்தது.

பெண்ணின் தகப்பனார் என் அறைக்கு வந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து விஷயம் போயிற்று என்பது மட்டுமே அவருக்குத் தெரியும்.

“ஏனுங்க, எம்புள்ள சமாச்சாரம் எப்படீங்க வெளிய போச்சு?”

“கம்பெனிக்காரன் பண்ணுன வேலைங்க. அவன உடமாட்டேன்” என்றேன்.

ஒப்பந்தத்தைக் காட்டி மிரட்டி நோட்டீஸ் அனுப்பினேன். அடுத்த வருட வேலை கைநழுவிவிடுமோ என்ற பயத்தில், செய்யாத குற்றத்துக்கு நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. அதைத் தகப்பனாருக்குத் தமிழில் படித்தும் காட்டினேன். அவர் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் கும்பிடு என்னை விடவில்லை. ஒருநாள் ஆப்பிள் வாங்கிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். அந்தப் பெண்தான் கதவைத் திறந்தாள். தகப்பனார் தோட்டங்காட்டில் வேலையாக இருந்தார். நின்றபடியே நடந்ததை எல்லாம் சொன்னேன். அவள் தன் கைபேசியை எடுத்து நீட்டினாள். என் சால்வைப் படம்.

“நிச்சயம் முறிஞ்ச அன்னைக்கே மாப்பிள்ளையா வரவேண்டியவரு அனுப்பிட்டாருங்க. அப்பாகிட்டச் சொல்லலை. நமக்காக ஒருத்தராச்சும் சண்டை போட்டாருன்னு நெனச்சுட்டுப் போறாரு, இருக்கட்டும்னு உட்டுட்டேன்.”

ஆப்பிள் பையைக் கீழே வைத்தேன்.

“அப்பா வார நேரமுங்க. மன்னிப்புக் கேட்டதையும் படம் எடுத்துப் போடோணுமா, இல்ல கெளம்பறீங்களா?”

கிளம்பினேன். வாசலிலேயே தகப்பனார் எதிர்ப்பட்டார். “அட, வாங்க சாமி! உக்காருங்க, காப்பி குடிச்சுட்டுத்தான் போகோணும்” என்றபடி மண்வெட்டியைச் சுவரில் சாய்த்தார். அவர் கைகள் கும்பிடக் கூடுவதற்குள் உண்மையைச் சொல்லிவிட்டேன்.

காப்பி வரவில்லை.